பொறுத்துக்கொள்ளச் சொல்வது மருத்துவமல்ல

"ஊசி போட்டா வாந்தி வரத்தாம்மா செய்யும். ரெண்டு நாள்ல சரியாயிடும், பொறுத்துக்கோங்க."

கீமோ வார்டில் குழந்தையோடு தங்கியிருக்கும் தாயிடம் இதை எல்லோரும் சொல்கிறார்கள். டூட்டி நர்ஸ் சொல்கிறார். பக்கத்துக் கட்டிலில் பேரனை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக இருக்கும் பாட்டி சொல்கிறார். ஊரிலிருந்து போனில் பேசும் பெரியப்பா சொல்கிறார். ரவுண்ட்ஸ் வரும் மருத்துவர் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். ரத்த எண்ணிக்கைத் தாளை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகரும்போது அவரும் அதையேதான் சொல்லிவிட்டுப் போகிறார். இந்தப் பேச்சால் குழந்தையின் உடலுக்கும் கேடு, சிகிச்சைக்கும் கேடு. சொல்பவர்களின் நல்ல மனதில் எனக்குச் சந்தேகமில்லை. சொல்லப்படும் கருத்தைத்தான் மறுக்கிறேன்.

முதலில் அந்தக் கருத்தை அதன் முழு வலுவோடு எடுத்து வைக்க வேண்டும். புற்றுநோய் உயிரைக் கொல்லும்; வாந்தியும் வாய்ப்புண்ணும் மலச்சிக்கலும் கொல்லாது. கீமோ மருந்து வேகமாகப் பெருகும் செல்களை அழிப்பது. வாய், குடல் ஆகியவற்றின் உட்சவ்வும் வேகமாகப் பெருகுவதால் அதுவும் சேர்ந்து அடிபடும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மருத்துவர்கள் குறைவு, குழந்தைகள் அதிகம்; இருக்கிற நேரத்தை நோயை ஒழிப்பதில் செலவிடுவதுதான் முறை. சாப்பாடும் வயிறும் தாயின் பொறுப்பு. பெற்றோரிடம் நிறையச் சொன்னால் பயந்துபோய்ச் சிகிச்சையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள்.

இதில் ஒரு காலத்தின் உண்மை இருக்கிறது. 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர், அமினோப்டெரின் என்ற மருந்தால் ரத்தப் புற்றுநோய் உள்ள குழந்தைகளுக்கு நோய் தற்காலிகமாகத் தணிவதை உலகுக்குக் காட்டினார். அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாந்தியைத் தடுக்க உருப்படியான மருந்து கிடையாது. 1980களில் மெட்டோகுளோப்ரமைடை அதிக அளவில் ஏற்றினார்கள். அது சில குழந்தைகளுக்குக் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். அந்த நாட்களில் "பொறுத்துக்கொள்" என்பதைத் தவிர நேர்மையான பதில் இருந்திருக்காது. 1991இல் அமெரிக்காவில் ஆண்டான்செட்ரான் என்ற வாந்தித் தடுப்பு மருந்து அனுமதி பெற்றதோடு அந்தக் காலம் முடிந்துவிட்டது. குழந்தைகளுக்கான அத்தியாவசிய மருந்துகள் என்று உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் பட்டியலில் இன்று அது இருக்கிறது. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையாகவும் சிரப்பாகவும் கிடைக்கிறது. மருந்து வந்து ஒரு தலைமுறை ஆகியும் பேச்சு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

1. வாந்தி வந்தால்தான் மருந்து வேலை செய்கிறதா?

இதைவிடத் தவறான ஆறுதல் இல்லை. கீமோ மருந்து குடலின் உட்சவ்வில் உள்ள சில செல்களைக் காயப்படுத்துகிறது. அவற்றிலிருந்து செரோடோனின் கொட்டுகிறது. வேகஸ் நரம்பின் முனைகள் அதைப் பிடித்து மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்புகின்றன. 'விஷம் உள்ளே போயிருக்கிறது, வெளியே தள்ளு' என்று மூளை உத்தரவிடுகிறது. அவ்வளவுதான். இந்தப் பாதையில் புற்றுச் செல் எங்கேயும் வரவில்லை. ஆண்டான்செட்ரான் அந்த நரம்பு முனையில் செரோடோனின் ஒட்டாமல் தடுக்கிறது. புற்றுச் செல்லை அது தொடுவதே இல்லை. வாந்தியை நிறுத்தினால் கீமோவின் வேகம் குறைந்துவிடும் என்று பயந்து மாத்திரையை ஒளித்துவைக்கும் தாய்மார்களுக்கு இதை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும்.

மருந்துகளை ஒப்பிட்டாலே இந்த வாதம் விழுந்துவிடும். சிஸ்பிளாட்டினைத் தடுப்பு மருந்தில்லாமல் கொடுத்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் வாந்தி எடுப்பார்கள். வின்கிரிஸ்டின் அநேகமாக வாந்தியே வரவழைக்காது. ஆனால் குழந்தைகளுக்கு அதிகமாக வரும் லிம்போபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோயின் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இல்லாத திட்டம் அரிது. அத்தனை வலுவான மருந்து அது. வாந்தியை வைத்து வலுவை அளந்தால் அதைக் குப்பையில் போட வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வின்கிரிஸ்டின் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கப்படுவது. நம் தென்மாவட்டங்களில் அந்தச் செடியைப் பயிராகவே போடுகிறார்கள். "பச்சிலை என்றால் பக்கவிளைவு இருக்காது" என்று சொல்லிப் பப்பாளி இலைச் சாற்றையும் நிலவேம்புக் கஷாயத்தையும் வார்டுக்குள் கொண்டுவரும் உறவினர்கள் இதை யோசிக்க வேண்டும். குழந்தையின் நரம்பைப் பதம்பார்க்கும் மருந்தே ஒரு செடியிலிருந்துதான் வருகிறது. வெள்ளையணு இறங்கியிருக்கும் குழந்தைக்குப் பச்சையாக அரைத்த சாறு கொடுப்பது கிருமியைக் கையால் ஊட்டுவதற்குச் சமம். என்ன கொடுப்பதானாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும். கேட்டால் திட்டாத மருத்துவர் இருந்தால்தான் கேட்பார்கள் என்பது அடுத்த பிரச்சினை.

2. ரெண்டு நாளில் சரியாகிவிடுமா?

எந்த ரெண்டு நாள்? சிஸ்பிளாட்டின் போன்ற மருந்துகளில் வாந்தி இரண்டு அலையாக வரும். முதல் அலை ஊசி ஏறிய அன்று. அடுத்தது ஒரு நாள் கழித்துத் தொடங்கி இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகியிருக்கும். குழந்தை விழுப்புரத்துக்கோ திண்டுக்கல்லுக்கோ பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும். இந்த இரண்டாவது அலைக்குக் காரணமான வேதிப்பொருள் வேறு, அதற்கான மருந்தும் வேறு. ஆண்டான்செட்ரான் மட்டும் போதாமல் போகலாம். இது எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போகும் பெற்றோர், "ஆஸ்பத்திரியில நல்லாத்தானே இருந்தான், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலையோ" என்று தங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள்.

சரியாகிவிடும் என்று விட்டுவிடுவதில் இன்னும் பெரிய கேடு ஒன்று உண்டு. முதல் சைக்கிளில் (கீமோ சுற்றில்) கொடுமையாக வாந்தி எடுத்த குழந்தையின் மூளை அதை மறக்காது. அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்ததும், ஸ்பிரிட் வாசனை பட்டதும், ஊசியே போடுவதற்கு முன் வாந்தி வரும். இதை நடிப்பு என்று அதட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பழக்கப்பட்ட உடல் தானாகச் செய்வது அது. குழந்தையின் கையில் இல்லை. ஒருமுறை இது வேரூன்றிவிட்டால் வழக்கமான வாந்தி மருந்துகள் இதற்குச் சரியாகக் கேட்பதில்லை. இதைத் தடுக்கச் சிறந்த வழி முதல் சைக்கிளிலேயே வாந்தி வராமல் பார்த்துக்கொள்வது. ஆகவே முதல் முறை "பொறுத்துக்கோங்க" என்றவர் அடுத்து வரும் அத்தனை சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் அந்தக் குழந்தையைத் தண்டிக்கிறார். மருந்தை ஊசிக்கு முன்பே கொடுக்க வேண்டும், அடுத்த வேளைகளையும் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வாந்தி வந்தபின் கொடுக்கும் மாத்திரை பெரும்பாலும் வாந்தியோடு வெளியே போகிறது.

3. "வயிற்றுக் கோளாறுதானே" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது எப்படி?

எனக்கு மிகவும் கோபம் வரும் இடம் இது. மருந்துக்கு மருந்து வயிற்றில் நடப்பது வேறு. எந்த மருந்து ஏறுகிறது, அதற்கு எந்த நாளில் எது வரும், வந்தால் எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பதைச் சொல்லாமல் பெற்றோரை வீட்டுக்கு அனுப்புவது பொறுப்பற்ற செயல்.

மலச்சிக்கலையே எடுத்துக்கொள்வோம். இதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. வின்கிரிஸ்டின் நரம்புகளைப் பாதிக்கும்போது குடலை அசைக்கும் நரம்புகளும் அதில் அடங்கும். குடல் மந்தமாகி மலம் இறுகும். வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் ஆண்டான்செட்ரானும் மலத்தை இறுக்கும். வாய்ப்புண் வலிக்கு மார்ஃபின் சேர்ந்தால் மூன்றாவது பாரம். பூஞ்சைத் தொற்றுக்கு இட்ரகோனசோலோ வோரிகோனசோலோ கொடுத்தால், வின்கிரிஸ்டின் உடலைவிட்டு வெளியேறுவது தாமதமாகி அதன் நச்சு கூடும். முற்றிய நிலையில் குடல் அசைவே நின்றுபோகும். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுக்கும். இத்தனையையும் தெரிந்துகொண்டு மலமிளக்கியை முன்கூட்டியே எழுதிக்கொடுப்பது ஒரு நிமிட வேலை. எழுதாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும்? வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைப்பார்கள். அல்லது சோப்புத் துண்டு. தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் செய்துவந்தது. வெள்ளையணு இல்லாத குழந்தைக்கு அந்த மெல்லிய சவ்வில் ஒரு கீறல் விழுந்தால் போதும், குடல் கிருமிகள் நேராக ரத்தத்தில் இறங்கும். எனிமா, ஆசனவாயில் வைக்கும் மாத்திரை, அங்கே வைத்துப் பார்க்கும் தெர்மாமீட்டர் என எதுவும் கூடாது. பாட்டியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் "அங்கே எதையும் வைக்காதீங்க" என்று ஒரு வரி சொல்லாத அமைப்பைத்தான் குற்றம் சொல்கிறேன்.

வாய்ப்புண் வேறு கதை. அதிக அளவு மெத்தோட்ரெக்சேட், டாக்ஸோரூபிசின் போன்றவற்றுக்குப் பின் ஒரு வாரம் அளவில், ரத்த எண்ணிக்கை (கவுண்ட்) இறங்கும் நாட்களை ஒட்டியே அது வரும். எச்சில் விழுங்கவே குழந்தை அழும். மெத்தோட்ரெக்சேட்டுக்குப் பின் லியூகோவோரினை எழுதிய நேரத்தில் தவறாமல் கொடுப்பது இதைக் குறைக்கும் முதல் காவல். மெல்லிய பிரஷ், உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்த ஆறிய வெந்நீரில் அடிக்கடி கொப்பளிப்பது, காரமும் புளிப்பும் இல்லாத குளிர்ந்த, குழைவான உணவு: இவை எந்த வீட்டிலும் முடியும். எரிச்சல் தரும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வலி கடுமையானால் மார்ஃபின் கொடுக்க வேண்டும். மார்ஃபின் என்றதும் பெற்றோரும் பயப்படுகிறார்கள், சில இடங்களில் மருத்துவர்களும் தயங்குகிறார்கள். 2014இல் நாடாளுமன்றம் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே இந்த மருந்து வலியில் இருப்பவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான். வாய் முழுக்கப் புண்ணோடு கிடக்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப்பை மட்டும் நீட்டுவது சிக்கனமும் ஆகாது, எச்சரிக்கையும் ஆகாது.

வயிற்றுப்போக்குக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் தெரியாத தாய் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் இங்கே அது மட்டும் போதாது. இரினோடீகன் போன்ற மருந்தே பேதியை உண்டாக்கும். அதை நிறுத்த லோபரமைடு உதவும். அதே லோபரமைடைத் தொற்றினால் வந்த பேதிக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தால் கிருமி குடலுக்குள்ளேயே அடைபடும். கவுண்ட் இறங்கிய நேரத்தில் காய்ச்சலும் வலது அடிவயிற்றில் வலியும் சேர்ந்து வந்தால் அது பெருங்குடலின் தொடக்கப் பகுதி அழற்சியாக இருக்கலாம். அன்றைக்கே அட்மிஷன் வேண்டிய நிலை. அஸ்பராஜினேஸ் ஊசிக்குப் பின் மேல்வயிற்றில் கடுமையான வலி எடுத்து முதுகுக்குப் பாய்ந்தால் கணையம் வீங்கியிருக்கக் கூடும். அதைக் கேஸ் என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தால் பொழுது விடிவதற்குள் நிலைமை கைமீறும். வயிற்றுத் தொந்தரவோடு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தால் மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட இலக்கு. வாந்தியும் மலச்சிக்கலும் கொல்லாது என்றார்கள். கவனிக்காமல் விட்டால் கொல்லும்.

4. குழந்தை சாப்பிடாதது அடமா, தாயின் கவனக்குறைவா?

இரண்டும் இல்லை. கீமோ நாக்கின் சுவையை மாற்றிவிடுகிறது. நேற்றுவரை பிடித்த முட்டை இன்று இரும்பு கடித்ததுபோல் இருக்கிறது. தாளிக்கும் வாசனையே குமட்டுகிறது. இந்த நிலையில் மூக்கைப் பிடித்து ஊட்டினால் குழந்தை அந்த உணவையே வெறுத்துவிடும். குமட்டல் உச்சத்தில் இருக்கும் நாளில் குழந்தைக்குப் பிடித்த பதார்த்தத்தைக் கொடுக்கக் கூடாது என்பது அனுபவமுள்ள உணவியலாளர்களுக்குத் தெரியும். அந்த வாசனையும் குமட்டலும் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொண்டால் பிறகு அந்த உணவும் போய்விடும். சூடான சோற்றைவிட ஆறிய இட்லிக்கு வாசனை குறைவு. மூன்று வேளைக்குப் பதில் ஆறேழு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக, குமட்டல் இல்லாத நேரம் பார்த்துக் கொடுக்கலாம். அதிகாலையில் பசித்தால் அதிகாலையில். சிகிச்சையில் ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களில் நேர்மாறாக நள்ளிரவில் எழுந்து சோறு கேட்கும்; அதற்கும் அதட்டல் வேண்டாம், உப்பைக் குறைத்தால் போதும்.

சாப்பிட வைக்கத் திணறும் தாயிடம் சமூகம் அடுத்ததாகத் தடைகளின் பட்டியலை நீட்டுகிறது. வாழைப்பழம் குளிர்ச்சி. முட்டை சூடு. பால் சளி. இனிப்பு புற்றை வளர்க்கும். இனிப்பைப் பற்றிய இந்தப் பேச்சு வாட்ஸாப்பில் சுற்றாத நாள் இல்லை. உடலின் எல்லாச் செல்களும் குளுக்கோஸை எரிக்கின்றன; மெலிந்துபோன குழந்தையின் தட்டிலிருந்து இனிப்பை எடுத்தால் புற்று பட்டினியாகாது, குழந்தைதான் பட்டினியாகும். மருத்துவமனைகளிலும் ஒரு பத்தியம் நீண்ட நாள் இருந்தது: வெள்ளையணு குறைந்தால் பழம், பச்சைக் காய்கறி எதுவும் கூடாது என்பது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த 150 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு அந்தக் கடும் பத்தியத்தையும் மற்றதற்குச் சாதாரண உணவுச் சுத்த விதிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். தொற்று விகிதம் முறையே 35, 33 விழுக்காடு. பத்தியத்தால் லாபமில்லை. நம் நீரும் தெருவும் வேறு என்பதால் கொதிக்க வைத்த தண்ணீர், அப்போது சமைத்த உணவு, கழுவித் தோலுரித்த பழம், சோப்பு போட்டுக் கழுவிய கை ஆகியவற்றில் நாம் கூடுதல் கண்டிப்பாக இருக்க வேண்டும். அதைத் தாண்டிய தடை ஒவ்வொன்றும் குழந்தையின் வாயிலிருந்து ஒரு கவளத்தைப் பிடுங்குகிறது.

எடை மெஷினை மட்டும் நம்புவதும் இதே தவறின் இன்னொரு முகம். வயிற்றில் பெரிய கட்டி உள்ள குழந்தையின் எடையில் கட்டியின் எடையும் அடங்கும். ஸ்டீராய்டால் கன்னம் உப்பியிருக்கும் பிள்ளையைப் பார்த்து "நல்லா தேறிட்டான்" என்கிறார்கள். கையைப் பிடித்துப் பார்த்தால் தசை கரைந்திருக்கும். மேற்கையின் நடுச் சுற்றளவை அளக்கும் நாடா ஒன்று போதும், அங்கன்வாடிகளில் பழக்கமான பொருள்தான். அதை ஒவ்வொரு வருகையிலும் சுற்றிப் பார்த்தால் மெலிவு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அப்படித் தெரிந்தபின் வாயால் முடியவில்லை என்றால் மூக்குக் குழாய் வைக்க வேண்டும். குழாய் என்றதும் "கடைசி நிலையா டாக்டர்?" என்று கேட்டுத் தந்தைமார் உடைந்துபோகிறார்கள். குழாய் வைத்தால் மாத்திரையையும் அதன் வழியே கொடுக்கலாம், ஒவ்வொரு வேளையும் தாய்க்கும் பிள்ளைக்கும் நடக்கும் போர் நிற்கும், புண் ஆறியதும் எடுத்துவிடலாம். அது சிகிச்சைக்கு நடுவே வைக்கும் தற்காலிக ஏற்பாடு என்று முதல் வாரத்திலேயே சொல்லிவைத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

5. பெற்றோருக்குச் சொன்னால் புரியாதா? பயந்து ஓடிவிடுவார்களா?

படிக்காதவர்களுக்குப் புரியாது என்பது வார்டில் அடிக்கடி கேட்கும் வாதம். ஆனால் அதே பெற்றோரை நம்பித்தான் மெர்காப்டோபியூரின் மாத்திரையை ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் தினமும் வீட்டில் கொடுக்கச் சொல்கிறீர்கள். கவுண்ட்டுக்கு ஏற்ப அரை மாத்திரை, முக்கால் மாத்திரை என்று அளவு மாற்றிக் கொடுக்கச் சொல்கிறீர்கள். அதைச் செய்ய முடிந்தவருக்கு "பச்சையாக வாந்தி எடுத்தால், எட்டு மணி நேரம் மூத்திரம் போகாவிட்டால், வயிறு உப்பிக் கல்லாக இருந்தால் உடனே போன் செய்யுங்கள்" என்பது எப்படிப் புரியாமல் போகும்? எழுதப் படிக்கத் தெரியாத தாயும் ஒரு நோட்டில் வாந்திக்கு ஒரு கோடு, மலத்துக்கு ஒரு வட்டம் போட முடியும். விவரம் கேட்பவர் இல்லாததால்தான் அவர் சொல்வதில்லை.

பயந்து ஓடுவார்கள் என்பதை மறுக்க வார்டுக்கு வெளியே பார்க்க வேண்டும். சிகிச்சையைப் பாதியில் விடும் குடும்பங்களை விரட்டுவதில் பணத்துக்கும் தூரத்துக்கும் பெரிய பங்குண்டு. கூடவே நிற்பது, தங்கள் கண் முன்னே பிள்ளை எலும்பும் தோலுமாகிறது என்ற எண்ணம். "இங்க வச்சிருந்தா சோறே இறங்கமாட்டேங்குது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் அவன் கேட்டதைக் கொடுத்து வச்சுக்கிறோம்" என்று முடிவெடுப்பவர்களுக்கு மருந்தின் மீது வெறுப்பு இருப்பதில்லை. குழந்தை படும் அவதி அவர்களால் தாங்க முடியவில்லை. வாந்தி வரும் என்றும் அதைத் தடுப்போம் என்றும் முன்பே சொல்லப்பட்டவர் அது வரும்போது ஏமாற்றப்பட்டதாக உணரமாட்டார்.

மாத்திரையை நிறுத்துவதும் இப்படித்தான் தொடங்குகிறது. குமட்டலில் ஒரு நாள் விட்டுப்போகும், பிறகு இரண்டு நாள். மெர்காப்டோபியூரினில் 95 விழுக்காட்டுக்குக் கீழே உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடுவதை அமெரிக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாதத்துக்கு இரண்டு வேளை தவறினாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடும். மாத்திரை கொடுத்ததும் வாந்தி எடுத்துவிட்டால் மறுபடி கொடுப்பதா வேண்டாமா என்ற எளிய கேள்விக்கு எத்தனை பெற்றோரிடம் பதில் இருக்கிறது? அவர்களாக முடிவெடுக்க விடாமல், கேட்பதற்கு ஒரு போன் எண் கொடுக்க வேண்டியது யார் பொறுப்பு?

சாப்பாடு தாயின் பொறுப்பு என்பதையும் நான் ஏற்கவில்லை. டிஸ்சார்ஜ் நேரத்தில் எல்லாவற்றையும் தாயிடம் சொல்லிவிட்டுத் தந்தையைப் பில் கட்ட அனுப்புகிறார்கள். இரவு இரண்டு மணிக்கு வண்டி பிடித்து ஓடப்போவது அவரும்தான். அவரையும் உட்கார வைத்துச் சொல்ல வேண்டும்.

6. வசதியில்லாத இடத்துக்கு இதெல்லாம் ஆடம்பரமா?

வசதி படைத்த நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் குணமாகிறார்கள். பல ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 30 விழுக்காட்டுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த இடைவெளிக்கு அது அடுக்கும் காரணங்களில் தாமதமான நோயறிதலோடு சிகிச்சையைப் பாதியில் விடுவதும், மருந்தின் நச்சால் நேரும் மரணமும் இருக்கின்றன. பின்னிரண்டும் நான் மேலே பேசிய வயிற்றோடு நெருங்கிய உறவுள்ளவை. 2018இல் அந்த நிறுவனம் தொடங்கிய உலகளாவிய திட்டம் 2030க்குள் 60 விழுக்காடு குழந்தைகளையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்கிறது. புதிய மருந்தை மட்டும் நம்பி அங்கே போய்ச் சேர முடியாது.

குவாத்தமாலாவும் பணக்கார நாடு அல்ல. அங்கே ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த குழந்தைகளின் ஊட்டநிலையைத் தொடர்ந்து பார்த்து 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மெலிந்த நிலையில் வந்து, ஆறு மாதத்துக்குள் தேறிய குழந்தைகள், தொடக்கத்திலேயே நன்றாக இருந்தவர்களுக்கு நிகராகப் பிழைத்தார்கள். மெலிந்தபடியே இருந்தவர்கள் பின்தங்கினார்கள். வரும்போது எப்படி வந்தார்கள் என்பதை நம்மால் மாற்ற முடியாது; அதன்பிறகு வரும் ஆறு மாதம் நம் கையில் இருக்கிறது. ஆடம்பரம் என்ற வாதத்துக்கு இதைவிட நேரடியான பதிலை நான் அறியேன்.

தேவைப்படுவது என்ன என்று கணக்குப் பார்த்தால் வாதம் இன்னும் மெலிகிறது. ஆண்டான்செட்ரான், மலமிளக்கி, உப்பு, சோடா, ஒரு தெர்மாமீட்டர், ஓர் அளவு நாடா. கீமோ மருந்தின் விலைக்கு முன்னால் இவை ஒன்றுமில்லை. கீமோவுக்கே முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பணம் கொடுக்கும் மாநிலம் இது. மருத்துவருக்கு நேரமில்லை என்றால் பயிற்சி பெற்ற நர்ஸ் சொல்லலாம், ஒரு முழுநேர உணவியலாளரை நியமிக்கலாம். நாட்டின் பல அரசு, அறக்கட்டளை மருத்துவமனைகளில் குழந்தைகள் புற்றுநோய் வார்டுகளுக்கு உணவியலாளர்களை அனுப்பி, மும்பையின் கடில்ஸ் ஃபவுண்டேஷன் இது முடியும் என்று காட்டிக்கொண்டிருக்கிறது. அறக்கட்டளை வந்து செய்யும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையே அந்தப் பதவியை உருவாக்க வேண்டும்.

குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்தின் பெயரும், அதற்கு எந்த நாளில் வயிற்றில் என்ன வரலாம் என்பதும், எதைச் செய்யக் கூடாது என்பதும் தமிழில் எழுதிய ஒரு தாள் பெற்றோர் இருவர் கையிலும் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் போட்டது வேண்டும். இரவிலும் யாராவது எடுக்கும் ஒரு போன் எண் அதில் இருக்க வேண்டும். அடுத்த சைக்கிளுக்கு வரும்போது ரத்த எண்ணிக்கைத் தாளைக் கையில் வாங்குவதற்கு முன், போன தடவை எத்தனை முறை வாந்தி எடுத்தது, மலம் எப்படிப் போனது, எத்தனை நாள் சோறு இறங்கவில்லை என்று மருத்துவர் கேட்க வேண்டும். அந்தப் பதிலைப் பார்த்து வாந்தி மருந்தை மாற்றி எழுதிய பிறகுதான் கீமோ ஏற வேண்டும்.